பொட்டலத்துக்குள் பறக்கும் தட்டு

அக்கா, அக்கா, அந்தப் பொட்டலத்தைக் கசக்கிவிடாதீர்கள். கடலையைத் தின்னுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. தின்று முடித்ததும் தாளைச் சுருட்டி ஜன்னல் வழியாக எறிந்துவிடாதீர்கள், அவ்வளவுதான். ஏனென்றால் அது சாதாரணத் தாள் இல்லை. ஓரத்தில் ஒரு படம் தெரிகிறதா? இட்லித் தட்டைக் கவிழ்த்து மூன்று கால் வைத்த மாதிரி? அது இட்லித் தட்டு இல்லை, பறக்கும் தட்டு. வரைந்தவர் இட்லித் தட்டைப் பார்த்துத்தான் வரைந்தார், அது வேறு விஷயம்.

‘பறக்கும் தட்டு’ என்று ஒரு மாதப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. தெரியாதா? போன வருஷம் இந்தப் பக்கமெல்லாம் அதுதானே பேச்சு! சரி, நீங்கள் மதுரைக்காரர், உங்களைக் குற்றம் சொல்லமுடியாது. கோவில்பட்டியில் ஏறினீர்கள், கடலை வாங்கினீர்கள், என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். சாத்தூர் வர இன்னும் அரைமணி நேரம் ஆகும். நான் சொல்கிறேன், நீங்கள் தின்னுங்கள். இரண்டு எனக்கும் கொடுங்கள்.

சங்கரன்கோவிலில் வைரவன் டிரைவிங் ஸ்கூல் இருக்கிறது. அதை நடத்துகிற பால்வண்ணம் சார்தான் ஆசிரியர். முன்னறைச் சுவரில் எட்டுப் போடுவது எப்படி என்று படம். பின்னறைச் சுவரில் சனிக்கிரகத்தின் வளையம். விண்வெளிப் படம், வேற்றுக்கிரகத் தொடர், எந்திர மனிதன் வருகிற டிவி நாடகம், உலகத்தில் எவன் எங்கே எடுத்தாலும் அதை எப்படி எடுத்தான் என்று சார் குடைந்து குடைந்து எழுதுவார். ஒரு படத்தில் கிரகம் வெடித்துச் சிதறும்போது சிதறுவது வறுத்த உளுத்தம்பருப்பு என்று கண்டுபிடித்து நாலு பக்கம் எழுதினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் வாசகர் கடிதம். அதற்கும் கடைசியில், புதிதாக எழுதுபவர்களின் ஒரு சிறுகதை.

முந்நூறு பிரதிதான் போனது. அதில் பத்துப்பேர் கார் பழக வந்தவர்கள். “இத படிச்சுட்டு வந்தாத்தான் ரிவர்ஸ் சொல்லித் தருவேன்” என்று சார் தலையில் கட்டிவிடுவார். பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடைக்காரர் பேரைப் பார்த்துவிட்டு அதைச் சமையல் புத்தகங்களோடு தொங்கவிட்டிருந்தார். ஆனால் மீதி ஆட்கள் இருக்கிறார்களே, வெறியர்கள். உளுத்தம்பருப்பு இல்லை, பாசிப்பருப்புதான் என்று இருபது பக்கம் மறுப்பு எழுதுகிற ஜாதி.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கடைசிப் பக்கத்தில் என் கதை வரவேண்டும். என் முழுப்பேரோடு.

பேரா? பிறகு சொல்கிறேன். இப்போது சொன்னால் கடலை புரையேறிவிடும். குலசாமி பேரை முழுசாக அப்படியே வைத்துவிட்டார்கள். வருகைப் பதிவேடு எடுக்கும்போது என் பேர் வந்தால் வகுப்பே தயாராகிக் காத்திருக்கும், சிரிப்பதற்கு. பள்ளி ஆண்டுமலரில்கூட இடமில்லை என்று பேரைப் பாதியாக வெட்டிவிட்டார்கள். அச்சில் வந்துவிட்டால் ஒருவனும் சிரிக்கமாட்டான், பாருங்கள். அச்சுக்கு என்று ஒரு மரியாதை இருக்கிறது.

ஆனால் சார் கதையைத் தேர்ந்தெடுக்கிற முறை இருக்கிறதே, அது உலகத்தில் எந்தப் பத்திரிகையிலும் கிடையாது. டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லித் தருகிறவர் காலுக்கும் ஒரு பிரேக் இருக்கும், தெரியுமா? கதை கொண்டுவருகிறவன் பின்சீட்டில் உட்கார்ந்து உரக்க வாசிக்கவேண்டும். ஓட்டுவது பல் டாக்டர் சுலோசனா அம்மா. கதை பிடிக்கவில்லை என்றால் சார் பிரேக்கை அழுத்திவிடுவார். கார் குலுங்கி நிற்கும். கதையும் அந்த இடத்தில் நின்றுவிடும். டாக்டரம்மா பாவம், தன் மேல்தான் தப்பு என்று நினைத்து ஒவ்வொரு தடவையும் “ஸாரி சார்” என்பார். ஒன்றரை வருஷமாகப் பழகியும் அவருக்கு லைசென்ஸ் வரவில்லை. அதற்கு நான்தான் காரணம் என்று ஊரில் சொல்கிறார்கள். நான் எப்படிக் காரணம் ஆவேன்?

பதினொரு கதை, பதினொரு பிரேக். பதினோராவது கதைக்கு என் நெற்றி முன்சீட்டில் இடித்தது.

சார் திரும்பிப் பார்த்தார். “ஏலே பூதம், முத பத்தி ரேடியோ செய்தி. ரெண்டாவது பத்தி உங்க பிரின்சிபாலு. மூணாவதுல நாந்தான் பேசுதேன். எம் இருமலக்கூட விடாம போட்டிருக்க. எல்லாரும் வந்துட்டாவ. நீ எங்கல?”

“நான் எழுதுனதுதான சார் எல்லாம்?”

“எழுதுனது நீ. பேசுறது யாரு?”

இது என்ன கேள்வி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எனக்கு எல்லாக் குரலும் வரும், அக்கா. பிரின்சிபால் குரலில் மைக்கில் அரைநாள் லீவு விட்டிருக்கிறேன். பாதிப் பள்ளிக்கூடம் வீட்டுக்குப் போன பிறகுதான் பிரின்சிபாலுக்கே தெரிந்தது. இந்த கண்டக்டர் குரல் வேண்டுமா? ‘படியில நிக்காத, உள்ள வா, உள்ள எடமிருக்கு!’ பாருங்கள், படியில் நின்றவர் உள்ளே வருகிறார். கண்டக்டர் முறைக்கிறார். முறைக்கட்டும்.

கோபம் வந்தது. சரி, மற்றவர் குரல்தானே என்னிடம் இருக்கிறது, அதையே அனுப்புகிறேன் என்று வாசகர் கடிதம் எழுத ஆரம்பித்தேன். நாசரேத்திலிருந்து நல்லாசிரியர் ஞானாபரணம் (ஓய்வு): ‘அன்புடையீர், பதினான்காம் பக்கத்தில் செவ்வாய்க்கு ஒரு நிலவு என்று அச்சாகியுள்ளது. இரண்டு. முப்பத்தோராண்டு கற்பித்தவன் என்ற முறையில் பிரம்பைத் தேடினேன்.’ பாவூர்சத்திரத்திலிருந்து திருமதி மரகதவல்லி: ‘விண்வெளி வீரர் ஆறு மாதம் ஒரே உடுப்பில் இருக்கிறாரே, அதை யார் துவைப்பார்கள்? காய்வதற்குக் கொடி எங்கே கட்டுவார்கள்?’ விக்கிரமசிங்கபுரத்திலிருந்து தோழர் இடிமுழக்கம்: ‘எந்திர மனிதனுக்கு வார விடுமுறை உண்டா? இல்லையென்றால் ஏன் இல்லை?’

தபால் முத்திரை சரியாக இருக்கவேண்டுமே என்று ஒவ்வொரு ஊருக்கும் பஸ் ஏறிப் போய்ப் பெட்டியில் போட்டேன். எவ்வளவு உழைப்பு, பாருங்கள்!

அத்தனையும் அச்சில் வந்தது. ஒரு எழுத்து வெட்டவில்லை. ஞானாபரணத்துக்குச் சார் தலைவணங்கிப் பதில் போட்டார். மரகதவல்லிக்கு ‘இம்மாதச் சிறந்த கடிதம்’. என் கதைக்குப் பிரேக் போட்ட மனுஷன், நான் பெற்றெடுத்த இந்த மூன்று பேருக்கும் சிவப்புக் கம்பளம் விரிக்கிறார்! எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் வயிற்றெரிச்சல்.

அப்புறம்தான் நாலாவது ஆளைப் பெற்றேன். வீரசிகாமணி ஊர்க்காரர், ஜோதிட ரத்னா ஆவுடைநாயகம்.

அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். ‘தங்கள் இதழில் மனிதன் செவ்வாயில் குடியேறுவான் என்று படித்து மகிழ்ந்தேன். அங்கே பிறக்கிற குழந்தைக்குச் செவ்வாய் தோஷம் உண்டா? ஜாதகக் கட்டத்தில் செவ்வாயை எங்கே போடுவது? அது குழந்தையின் காலுக்குக் கீழே அல்லவா இருக்கிறது? பூமி ஏழாம் இடத்தில் வந்தால் அதைப் பூமி தோஷம் எனலாமா?’

சார் சிரத்தையாகப் பதில் போட்டார். ‘பூமிக்கும் செவ்வாய்க்கும் சராசரித் தொலைவு இருபத்திரண்டரைக் கோடி கிலோமீட்டர். இவ்வளவு தூரத்திலிருந்து ஒரு கிரகம் உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் தலையிடாது.’

அவ்வளவுதான், தீ பிடித்துவிட்டது. நான் சும்மா இருப்பேனா? அடுத்த மாதம் மரகதவல்லி எழுதினார்: ‘என் நாத்தனார் மகளுக்கு எட்டில் செவ்வாய். ராக்கெட்டில் ஒரு நடை அனுப்பினால் கழியுமா? போக ஏழு மாதம் ஆகுமாமே, நடுவில் ஆடி வந்தால் என்ன செய்வது?’ இடிமுழக்கம் பொங்கினார்: ‘செவ்வாய் சிவப்பு. சிவப்பைத் தோஷம் என்று முதலில் சொன்னவன் யார், அவனுக்கு எத்தனை ஏக்கர்?’ ஞானாபரணம் இரண்டே வரி: ‘கேள்வி நன்று. சோதிடர் கடிதத்தில் ஒற்றுப்பிழை மூன்று.’

ஆனால் அந்த மாதம் நான் எழுதாத கடிதமும் வந்தது, அக்கா. நாற்பது! அடுத்த மாதம் நானூறு. தோஷம் உள்ள பெண்ணைப் பெற்றவர்கள், தோஷம் உள்ள பையன்கள், நிஜமான ஜோதிடர்கள், ஜோதிடரால் ஏமாந்தவர்கள். பஸ் ஸ்டாண்டு கடைக்காரர் ‘பறக்கும் தட்டை’ச் சமையல் வரிசையிலிருந்து எடுத்துப் பஞ்சாங்க வரிசையில் தொங்கவிட்டார். முந்நூறு போன இடத்தில் நாலாயிரம் போனது. தென்காசி, ராஜபாளையம், அருப்புக்கோட்டை வரைக்கும்!

யார் தூக்கி நிறுத்தினது? நான். அதை யாராவது சொல்கிறார்களா? கடலை கொடுங்கள்.

ஜாதகம் வந்து குவிய ஆரம்பித்தது. உறைக்குள் மஞ்சள் தடவிய ஜாதகம். பின்னறையில் சனிக்கிரகத்தின் வளையம் மறைகிற அளவுக்கு அடுக்கிவிட்டார்கள். ‘செவ்வாய் தோஷப் பொருத்தப் பக்கம்’ என்று ஒரு பக்கம் போட்டார் சார். விற்பனை ஏஜெண்டுகள் பிடுங்கி எடுத்ததால் அது மூன்றானது, ஆறானது. எந்திர மனிதன் உடுப்புக்குள் இருபது வருஷம் நின்று நடித்த ஒரு வயசாளியைச் சார் ஒரு வருஷமாகத் தேடிக் கண்டுபிடித்துப் பேட்டி எடுத்திருந்தார். அந்தப் பேட்டி ‘இடமின்மையால் அடுத்த இதழில்’ என்று மூன்று தடவை தள்ளிப்போனது. உளுத்தம்பருப்புக் கோஷ்டி ஒவ்வொருவராகச் சந்தாவை நிறுத்திக்கொண்டார்கள். கடைசியாக நிறுத்தியவர் எழுதினார்: ‘நான் வேற்றுக்கிரகவாசியைப் பார்க்க வந்தேன். மாப்பிள்ளை பார்க்க அல்ல.’

வளர்ச்சி என்றால் நாலுபேர் கழன்றுகொள்ளத்தான் செய்வார்கள். நான் சாரிடம் அதைத்தான் சொன்னேன். அந்த நாட்களில் அவர் காரில் சும்மா போகும்போதே பிரேக் போட ஆரம்பித்திருந்தார். யாரும் எதுவும் வாசிக்காதபோதே. “ஸாரி சார்” என்பார் டாக்டரம்மா.

பிறகு ஒரு நாள் காலையில் கழுகுமலையிலிருந்து ஒரு வேன் வந்து டிரைவிங் ஸ்கூல் வாசலில் நின்றது. திருமலைக்கொழுந்து என்று ஒரு பெரியவர். பம்பு செட்டு வியாபாரம், வெள்ளை வேட்டி, பெரிய மீசை. கூடவே வேன் நிறையச் சொந்தக்காரர்கள், அவர் மகள். பத்திரிகையின் பொருத்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் மாப்பிள்ளை அமைந்திருக்கிறது. மறுநாள் நிச்சயதார்த்தம். பெரியவருக்குக் கடைசி நேரத்தில் ஒரு சந்தேகம்.

“ஆவுடைநாயகம் சாமி ஒரு வார்த்த சொல்லட்டும் சார். நாளைக்குத் தட்ட மாத்திருதேன். அவரு வேண்டாம்னா வேண்டாம். எங்க இருக்காரு? வேன் இருக்கு, கூட்டிட்டு வந்திருதேன்.”

சார் என்னைப் பார்த்தார். “ஏலே, ஒனக்கு வீரசிகாமணியில ஆளுக உண்டுல்லா? ஜோசியரு நம்பரு கிடைக்குமா பாரு.”

அவர் அப்பாவியாகத்தான் கேட்டார். நானும் அப்பாவியாக முகத்தை வைத்துக்கொண்டு, விசாரித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே ஓடினேன். ஸ்கூல் சுவருக்குப் பின்பக்கம் ஒரு சர்பத் கடை. கடைக்காரர் போனை வாங்கிக்கொண்டு சுவரோரம் குந்தி, சாருக்குப் போட்டேன். மூக்கில் பொடி ஏற்றியவர் மாதிரி ஒரு இழுப்பு, அப்புறம் குரல்.

“ஆவுடைநாயகம் பேசுறேன். சர்வ மங்களம். யாருக்கு என்ன குறை?”

சார் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். வேனே ‘சாமி!’ என்றது. நான் பிரமாதப்படுத்தினேன் அக்கா! லக்னம் என்றேன், சந்திரன் என்றேன், குருவின் பார்வை என்றேன், நடுவில் இரண்டு ஏப்பம் வேறு விட்டேன். சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ விசும்புவது கேட்டது, பக்தியில்.

அப்போது திருமலைக்கொழுந்து கேட்டார். “சாமி, சுத்தி வளைக்க வேண்டாம். பிள்ளைக்கி இருபத்தாறு வயசு. இதுவரைக்கும் ஒம்பது எடம் தட்டிப்போச்சு. நாளைக்கி முடிக்கவா, வேண்டாமா? நீங்க சொல்றதுதான். ஒரே வார்த்த.”

ஒரே வார்த்தை.

நான் ஆவுடைநாயகமாக வாயைத் திறந்தேன். வரவில்லை. ஞானாபரணம், மரகதவல்லி, இடிமுழக்கம், பிரின்சிபால், ரேடியோ செய்தி, ஒருத்தரும் வரவில்லை. முடிக்கலாம் என்று சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. எல்லோரும் என்னைத் தனியாக விட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். கடைசியில் உடைந்த பானை மாதிரி ஒரு குரல் வந்தது. “எனக்குத் தெரியாதுங்க. எனக்குப் பதினேழு வயசு. அந்த அக்காட்டயே கேளுங்க, அவங்களுக்குப் பிடிச்சிருக்கான்னு.”

இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், ஆவுடைநாயகம் மெதுவாகப் பேசுவார். நான் பயந்தால் கத்திவிடுவேன். அதனால் அது அவர்களுக்கு இரண்டு தடவை கேட்டது. ஒரு தடவை போனில், ஒரு தடவை சுவருக்கு மேலே.

சுவருக்கு மேலே முதலில் பால்வண்ணம் சார் தலை தெரிந்தது. அப்புறம் மீசை. அப்புறம் வேன் முழுக்க வரிசையாக.

அடிக்கவில்லை. பெரியவர் அடிக்கத்தான் வந்தார். ஆனால் அதற்குள் அவர் மகள், அந்த அக்கா, “நெசமாவே கேக்கியளாப்பா? எனக்குப் பிடிக்கல. ஒம்பது எடமும் பிடிக்கல. ஒருத்தரும் கேக்கல” என்று சொல்லிவிட்டதால் அவர் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். சார் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஆவுடைநாயகம்?” என்றார்.

“நாந்தான் சார்.”

“ஞானாபரணம்?”

“நாந்தான் சார்.”

“மரகதவல்லி…” என்று ஆரம்பித்துவிட்டு, “வேண்டாம், சொல்லாத” என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த இதழில் அட்டையிலேயே கட்டம் கட்டிப் போட்டுவிட்டார்: ‘ஜோதிடர் ஆவுடைநாயகம் என்று எவரும் இல்லை. அவரோடு சேர்த்து இன்னும் மூவர் இல்லை. வாசகர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.’ யார் போடச் சொன்னது? பேசாமல் ஆவுடைநாயகத்துக்கு ஒரு இரங்கல் குறிப்பு போட்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும். நான் எழுதிக் கொடுத்திருப்பேன், கண்ணீரும் கம்பலையுமாக! நாலாயிரமும் ஒரே மாதத்தில் போய்விட்டது. பழைய முந்நூறு எப்போதோ போயாகிவிட்டது. ஒரே ஒருத்தர் மட்டும் அம்பையிலிருந்து கடிதம் போட்டார்: ‘இடிமுழக்கம் இல்லையென்றால் ஆறு மாதமாக நான் யாரோடு சண்டை போட்டேன்?’

பத்திரிகை இளைத்தது. அறுபத்து நாலு பக்கம் நாற்பது ஆனது. அப்புறம் ஒரே ஒரு இதழ் வந்தது, அதோடு சரி. அந்தக் கடைசி இதழை நான் பார்க்கவில்லை. பார்க்கமாட்டேன் என்று சபதம். ஏன் என்றால், நான் சாருக்கு ஏழு பக்கம் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்தேன். எல்லாவற்றையும் எழுதினேன், பிரேக்கிலிருந்து சர்பத் கடை வரைக்கும். அவசரத்தில் எழுதியதால் எந்தக் குரலும் போடக்கூட நேரமில்லை, சும்மா எழுதினேன். பதில் உண்டா? ஒரு வரி? ஒரு கார்டு? மனுஷனுக்கு நெஞ்சில் ஈரமே இல்லை, அக்கா. அந்தத் தெருப் பக்கமே நான் போவதில்லை.

என்ன, கடலை தீர்ந்துவிட்டதா? கொடுங்கள் கொடுங்கள், மெதுவாக. எண்ணெய் பட்டிருக்கிறது, கிழிந்துவிடும். பார்த்தீர்களா, வெளிப்பக்கம் முப்பத்தோராம் பக்கம், வைரவன் டிரைவிங் ஸ்கூல் விளம்பரம். ‘பதினைந்தே நாளில்’ என்று போட்டிருக்கிறார். டாக்டரம்மா பார்த்தால் கேஸ் போடுவார்.

உள்பக்கம் முப்பத்திரண்டு. சிறுகதைப் பக்கம். யாரோ கொடுத்துவைத்தவன். தலைப்பு, ‘சார், இது நான்தான்’. நல்ல தலைப்பு. எழுதியவர்…

அக்கா.

ஒன்றுமில்லை. அடிக்கடலையில் உப்பு அதிகம்.

பேருக்குக் கீழே பொடி எழுத்தில் ஏதோ இருக்கிறது, வாசியுங்கள், எனக்கு பஸ் குலுங்குகிறது. ‘ஆசிரியர் குறிப்பு: இந்தக் கதையை டாக்டரம்மா பின்சீட்டிலிருந்து வாசிக்க, நான் ஓட்டினேன். கழுகுமலை வரை ஓர் இடத்திலும் பிரேக் போடவில்லை. வேகத்தடையில்கூட.’

ஆனால் இது கதையே இல்லை, அக்கா! இது என் மன்னிப்புக் கடிதம்! கடிதத்தைப் போய்ச் சிறுகதை என்று போட்டிருக்கிறார், இந்த மனுஷனுக்குக் கடிதத்துக்கும் கதைக்கும் வித்தியாசம் தெரியவில்லை! மேலே வாசியுங்கள். ‘சுவருக்குப் பின்னால் குந்தியிருந்தபோது எல்லாக் குரலும் போய்விட்டது சார். அப்போதுதான் நான்…’ நான்? நான் என்ன? ‘தொடர்ச்சி 33ஆம் பக்கம்’. ஐயையோ, அப்புறம் என்ன எழுதினேன் என்று எனக்கே ஞாபகம் இல்லையே!

அந்தக் கடலைக்காரர் கூடையில் எத்தனை பொட்டலம் இருந்தது, பார்த்தீர்களா? முப்பது? நாற்பது? முப்பத்து மூன்றாம் பக்கம் அதில்தான் எங்கேயோ இருக்கிறது, கடலையைக் கட்டிக்கொண்டு!

அண்ணே! கண்டக்டர் அண்ணே! சாத்தூர்ல நிறுத்துங்க, எறங்கணும்! ஏன் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள்? என் சொந்தக் குரல் இவ்வளவு கர்ண கொடூரமாகவா இருக்கிறது? கோவில்பட்டிக்குத் திரும்பிப் போய் அந்தக் கடலைக்காரரைப் பிடிக்கவேண்டும். மதுரையில் மாமா வீட்டுப் பால்காய்ப்புதான், அடுத்த பஸ்ஸில் போய்க்கொள்வேன், பால் ஆறட்டும். இந்தத் தாளை எனக்குத் தருவீர்களா? நன்றி அக்கா. இருங்கள், போவதற்கு முன்னால் ஒன்று. இதில் இருக்கிற பேரை ஒரே ஒரு தடவை உரக்க வாசித்துக் காட்டுங்கள். அச்சில் வந்தாயிற்று, சிரிப்பு வராது.

சங்கிலி… ஆமாம்… பூதத்தான். சங்கிலிபூதத்தான்.

சிரிக்கிறீர்கள்.

பரவாயில்லை, இன்னொரு தடவை வாசியுங்கள்.